தோற்றுவிட்டோம் என்று சொல்லப் பழகுங்கள்



ஜூன் 4-ம் தேதி முடிவு வந்தாச்சு. நாம் நின்ற இடங்களில் ஒன்றுகூட நமக்கு இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதியும் ஒரே அணிக்குப் போயிருக்கிறது, புதுச்சேரியையும் சேர்த்தால் 40. இதைக் கட்சியின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுகிறோம். ஏன் என்றால், மூன்று நாளாக நம் ஆட்கள் போடுகிற பதிவுகளைப் பார்த்தால் இப்படி ஒரு முடிவு வந்ததே தெரியாத மாதிரி இருக்கிறது.

"மெஷின்ல வேலை காட்டிட்டாங்க."

"ஐந்நூறு ரூபாய்க்கு வித்துட்டான் தமிழன்."

"இந்த ஜனங்களுக்கு நல்லவன் ஆகாது. அனுபவிக்கட்டும்."

இதையெல்லாம் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் நம் கொடியை முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரன் எழுதியிருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருப்போம். நம் கொடியின் கீழ் நின்றுகொண்டு ஓட்டுப் போட்ட மக்களைத் திட்டுவதை இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்காது. கொஞ்சம் நீளமான பதிவுதான். படிக்காமலே "வீர வணக்கம்" என்று கமெண்ட் போடாதீங்க.

முதலில் எந்திரம்.

சந்தேகப்படுவது தப்பில்லை. சந்தேகப்பட வேண்டியது ஒரு கட்சியின் வேலை. ஆனால் சந்தேகத்துக்கு நேரம், இடம், காகிதம் என்று மூன்றும் உண்டு. ஏப்ரல் 19 காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஒவ்வொரு பூத்திலும் மாதிரி வாக்குப்பதிவு நடந்தது. குறைந்தது 50 ஓட்டு. எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே விழுகிறது என்று ஏஜெண்டுகள் கண் முன்னே காட்டி, விவிபேட் சீட்டையும் எண்ணி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சீல் வைத்து, அந்த சீலில் ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முதல் வாக்காளர் உள்ளே வருகிறார். விடிவதற்கு முன் எழுந்து அங்கே போய் நின்ற நம் தோழர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி நன்றி. "மெஷின் ஃபிராடு" என்று ஜூன் 4 மதியம் பதிவு போட்ட தம்பி, அன்று காலை நீ எங்கே இருந்தாய்?

சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் 17சி என்று ஒரு படிவத்தை நிரப்புகிறார். அந்த பூத்தில் எத்தனை ஓட்டுப் பதிவானது, எந்திரத்தின் எண் என்ன, சீல் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். அங்கே இருக்கிற ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் அதன் நகலைத் தர வேண்டும் என்பது சட்ட விதி. யாரும் போடும் பிச்சை இல்லை அது, நம் உரிமை. ஓட்டு எண்ணும் நாளில் மேஜை மேல் வரும் எந்திரத்தின் எண்ணும், அது காட்டும் மொத்தமும், நம் கையில் உள்ள 17சி நகலோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தவில்லையா, அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். முடிவை அறிவிக்கும் முன் மறு எண்ணிக்கை கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 68,000-க்கும் மேல் பூத். அதில் எத்தனை பூத்தின் 17சி நகல் நம் மாவட்ட அலுவலகங்களில் இருக்கிறது? "ஏஜெண்டா உட்காரு"ன்னு கேட்டப்போ "எனக்கு அன்னிக்கு ஒரு கல்யாணம்"னு சொன்னவங்க யார் யாருன்னு ஒன்றியச் செயலாளர்களுக்கு நல்லா தெரியும்.

இந்த ஒரு காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கு. வாக்குப்பதிவு முடிந்த அன்று இரவு 72.09 சதவீதம் என்றார்கள். மறுநாள் 69.46 என்றார்கள். கடைசிக் கணக்கு 69.72. உடனே கிளம்பிவிட்டது புரளி. முதலில் சொன்னது எல்லா பூத்திலிருந்தும் வந்த கணக்கு அல்ல, ஆப்பில் வந்த விவரத்தை வைத்துப் போட்ட உத்தேசம் என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை நம்புவதா வேண்டாமா என்று டீக்கடையில் விவாதம் பண்ணிக்கிட்டு இருந்தோம். எல்லா பூத்தின் 17சி-யும் நம்மிடம் இருந்திருந்தால் ஒரே இரவில் கூட்டிப்போட்டு முடிந்திருக்கும். விவாதத்துக்கே வேலை இல்லை.

தேர்தல் ஆணையத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேட்போம். ஒவ்வொரு பூத்தின் 17சி-யையும் இணையத்தில் உடனே ஏற்று என்று கேட்டு வழக்கே நடக்கிறது. மே 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் இப்போதைக்கு உத்தரவிட முடியாது என்றது. ஆனால் அந்தக் கோரிக்கை நியாயமானது, நாமும் அதோடு நிற்கிறோம். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத் என்று விவிபேட் சீட்டு எண்ணுகிறார்கள். 234 தொகுதிக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே 1,170 பூத். இன்னும் கூடுதலாக எண்ணலாம் என்பதும் நம் நிலைப்பாடுதான். முடிவை ஏற்றுக்கொண்டே இதையெல்லாம் கேட்க முடியும். கேட்கிறவன் வாய்க்கு மரியாதை வருவதே அப்போதுதான்.

இன்னொன்றும் யோசிங்க. 400 தாண்டுவோம் என்று முழங்கியது பாஜக. ஜூன் 1-ம் தேதி டிவியில் வந்த கருத்துக்கணிப்பு எல்லாம் தலையை ஆட்டியது. வந்தது 240. போன முறை 303. ராமர் கோவில் கட்டிய அயோத்தி இருக்கிற பைசாபாத் தொகுதியிலேயே 54,567 ஓட்டில் தோற்றார்கள். எந்திரம் கையில் இருப்பவன் இப்படியா தோற்பான்? இது முழு ஆதாரம் ஆகிவிடாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் "வடக்கே மக்கள் தீர்ப்பு, தெற்கே மெஷின் மோசடி" என்று ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பதிவு போடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

எந்திரத்தை எதிர்த்து ஒருவர் ஜெயித்த கதையும் உண்டு. 1982-ல் கேரளாவின் பறவூர் தொகுதி. இந்தியாவில் முதல்முறையாக அங்கே 50 பூத்தில் எந்திரம் வைத்தார்கள். தேர்தலுக்கு முன்பே எந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவர் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. கடைசியில் அவர்தான் 123 ஓட்டில் ஜெயித்தார்! தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் தெருவில் இறங்கிக் கல்லெறியவில்லை. வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். உச்ச நீதிமன்றம் போனார். காகித வாக்குச்சீட்டு என்று இருக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு எந்திரத்தில் எப்படி ஓட்டு வாங்கினாய் என்று 1984-ல் நீதிமன்றம் கேட்டது. அந்த 50 பூத்திலும் சீட்டில் மறு வாக்குப்பதிவு நடந்து ஜோஸ் ஜெயித்தார். அதன் பிறகுதான் 1988-ல் சட்டத்தையே திருத்தினார்கள். தோற்ற ஒரு மனிதர் நாட்டின் சட்டத்தை மாற்ற வைத்தார். கையில் வைத்திருந்தது வாட்ஸ்அப் பார்வர்டு அல்ல, மனு.

நம் ஊர் ராதாபுரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2016-ல் அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். திமுகவின் அப்பாவு வழக்குப் போட்டார். 2019-ல் தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம், எண்ணவும் செய்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் முடிந்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது, நடப்பதோ இப்படி. கோபப்பட வேண்டிய இடம் இது. தாமதமான நீதியை எதிர்த்துப் போராடுவோம் வாங்க, யாரும் தடுக்கவில்லை. அப்பாவு என்ன செய்தார் என்பதையும் கவனிங்க. வழக்கை நடத்திக்கொண்டே 2021-ல் அதே ராதாபுரத்தில் நின்று ஜெயித்தார். சட்டமன்றத்துக்கே சபாநாயகரானார். அவர் நம் கட்சி இல்லைதான், அதனால் என்ன?

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். மக்களைத் திட்டுகிற வகை.

பணம் கொடுத்தார்கள். ஆமாம், கொடுத்தார்கள். இந்த மாநிலத்தில் அது புதுசு இல்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்தினார்கள். 2017-ல் ஆர்.கே.நகர். 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. உலகத்துக்கே தெரிந்த அசிங்கம் அது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கொடுக்கிறவனைப் பிடிக்க சி-விஜில் என்று ஒரு ஆப் இருந்தது, படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்றார்கள். உங்கள் தெருவில் பணம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று இப்போது சத்தியம் செய்கிறீர்களே, அன்று ஒரு படம் அனுப்பினீர்களா? ரசீது எண் இருந்தால் காட்டுங்கள், அதே பதிவை இந்தப் பக்கத்திலேயே பகிர்கிறோம்.

ஆனால் பணம் வாங்கியதால்தான் நமக்கு ஓட்டு விழவில்லை என்பது சோம்பேறிக் கணக்கு. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தன் மனசுக்குப் பிடித்த சின்னத்தில் குத்திவிட்டு வருகிற பாட்டியை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வேலைக்குப் போகிறேன், அதனால் போட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அதில் என்ன இழிவு? தன் வாழ்க்கைக்கு எது உதவுகிறது என்று பார்த்துப் போடுவதற்குத்தான் ஓட்டு. நம் தேர்தல் அறிக்கையிலும் பெண்களுக்கு வாக்குறுதி கொடுத்தோம். அவர்கள் அதை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று போய்க் கேட்பதை விட்டுவிட்டு "ஓசி பஸ்ஸுக்கு வித்துட்டாளுங்க"ன்னு எழுதுறவன் நம் கட்சிக்காரன் இல்லை. இந்த வார்த்தையை இனி எந்தக் குரூப்பில் பார்த்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாவட்டத் தலைமைக்கு அனுப்புங்க.

"படிக்காத ஜனம், இதுங்களுக்கு என்ன தெரியும்" என்கிற பேச்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் 1946 தேர்தல் வரைக்கும் சொத்து வைத்திருந்தவன், வரி கட்டியவன், படித்தவன் இவர்களுக்குத்தான் ஓட்டு. கூலிக்காரனுக்கு நாட்டைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். 21 வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று அரசமைப்புச் சட்டம் எழுதியபோது அந்த நியாயத்தைத் தூக்கி எறிந்தார்கள். பிறகு 1989-ல் 18 ஆனது. உங்கள் தாத்தாவுக்கும் என் தாத்தாவுக்கும் ஓட்டு வந்தது அப்படித்தான். அவர்களுக்கு எதிராகச் சொன்ன அதே வாதத்தை இன்று பேரன் கையில் போனை வைத்துக்கொண்டு டைப் பண்ணுகிறான்.

இப்போது மூன்றாவது வகை. இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல் வெளிவரும். படிவம் 20 என்று பெயர். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெரு, எந்த ஊர், எந்தக் காலனி நமக்குப் போடவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். நம் குரூப் ஒன்றில் ஒரு நிர்வாகி எழுதுகிறார்: "நமக்கு விழாத பூத் லிஸ்ட் எடுங்க, அந்த ஊர்க்காரன் எவனுக்கும் இனி ஒரு உதவியும் இல்லை." அதற்கு முப்பது பேர் கைதட்டல் படம் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலால் ஆபத்து வரும் என்று தெரிந்துதான், பல பூத் எந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் சரி என்றது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இன்றைக்கும் ஒரு ஊர் யாருக்குப் போட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எந்த ஊரில் சாதி பலம் உள்ளவன் அதைக் கையில் எடுப்பான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தேர்தல் முடிவை ஏற்காமல் இருப்பது என்றால் ட்விட்டரில் புலம்புவது என்று நினைக்கிறீர்களா? மதுரை மாவட்டம் மேலவளவுக்குப் போய்க் கேளுங்கள். 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் ஜெயித்தார். முறையாக, ஓட்டு வாங்கி, ஜெயித்தார். அவரை நாற்காலியில் உட்காரவே விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஓடும் பஸ்ஸை நிறுத்தி அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலையைத் துண்டித்தார்கள். வருகிற 30-ம் தேதியோடு 27 வருடம் ஆகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற பெயர்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒதுக்கீட்டில் ஒரு தலித் தலைவர் வருவதை ஏற்க முடியாமல் பத்து வருடம் தேர்தலையே நடக்கவிடாமல் வைத்திருந்த ஊராட்சிகள். 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

"இந்த ஊருக்கு இனி உதவி இல்லை" என்ற வரிக்கும் மேலவளவுக்கும் ரொம்ப தூரம் இருப்பதாக அந்த நிர்வாகி நினைக்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எனக்குப் போடாதவனுக்குத் தண்டனை என்பதுதான் இரண்டிலும் இருக்கிற நினைப்பு. அவர் இன்று காலை முதல் பொறுப்பில் இல்லை. கைதட்டிய முப்பது பேரிடமும் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது.

தோல்வி என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரியாதா? 1962-ல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். சொந்த ஊர்! ஆனால் அதே தேர்தலில் அவர் கட்சி 15-லிருந்து 50 இடத்துக்கு வந்தது. தலைவர் தோற்று கட்சி வளர்ந்த தேர்தல் அது. ஐந்து வருடம் கழித்து 137 இடத்தோடு ஆட்சி. அந்த 1967-ல் விருதுநகரில் காமராசர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர், பிரதமர்களைத் தேர்ந்தெடுத்தவர். விருதுநகர் மக்களை நன்றி கெட்டவர்கள் என்று அவர் பேசியதாக யாராவது காட்ட முடியுமா? 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். அதே 1967-ல் முதலமைச்சராக இருந்து தோற்ற பக்தவத்சலம் "விஷக்கிருமிகள்" பரவிவிட்டதாகச் சொன்னார் என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறார்கள். 57 வருடம் ஆகியும் அந்தச் சொல்லை மக்கள் மறக்கவில்லை. கோபத்தில் வாயை விடுவதற்கு அரசியலில் வட்டி அதிகம்.

ஒரு கட்சி 1991-ல் 2 இடம், 1996-ல் 173. இன்னொரு கட்சி 1996-ல் 4 இடம், அதன் தலைவரே பர்கூரில் தோற்றார், 2001-ல் மறுபடி ஆட்சி. அதே கட்சி 2014-ல் 37 எம்.பி., இந்த முறை பூஜ்யம். பூஜ்யத்தில் இருந்து வந்தவர்களும் பூஜ்யத்துக்குப் போனவர்களும் நிறைந்த மாநிலம் இது. நம் ஒரு தோல்விக்கா உலகம் முடிந்துவிடும்?

கடைசியாக, இந்தப் பதிவைப் படிக்கிற சிலருக்கு மட்டும் ஒரு கேள்வி. விரலில் மை வைத்தீங்களா?

தமிழ்நாட்டில் 6 கோடியே 23 லட்சம் வாக்காளர். வந்தது 69.72 சதவீதம். அப்படியென்றால் ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் பேர் வரவில்லை. இந்த மாநிலத்தில் எந்த ஒரு தனிக் கட்சியும் வாங்கிய ஓட்டைவிட இது அதிகம். தர்மபுரியில் 81.20 சதவீதம். மத்திய சென்னையில் 53.96. தென் சென்னையில் 54.17. மெட்ரோ வேண்டும், மழைநீர் வடிகால் வேண்டும், வேளச்சேரியில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆனால் ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள் லீவு, ஏற்காடா கொடைக்கானலா?

அதே நாளுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் கிடைக்காமல் மூட்டையோடு நின்றவர்களைப் பார்த்தீர்களா? கட்டட வேலை, ஓட்டல் வேலை, கம்பெனி வேலை என்று சென்னையில் பிழைக்கிறவர்கள். இரண்டு நாள் கூலியை விட்டு, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, நின்றுகொண்டே ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தினக்கூலிக்கும் சேர்த்து. எத்தனை முதலாளி கொடுத்தான்? அதைக் கேட்கிற கட்சியாக நாம் இருக்க வேண்டும். அவர்கள் யாருக்குப் போட்டார்களோ தெரியாது. நமக்கு எதிராகவே போட்டிருந்தாலும், வீட்டில் படுத்துக்கொண்டு நமக்காகப் பதிவு போட்டவரைவிட அவர்கள்தான் நமக்கு மேலானவர்கள்.

ஏகனாபுரம் மக்கள் புறக்கணித்தார்களே என்று கேட்பீர்கள். அது வேறு. பரந்தூர் விமான நிலையத்துக்காகத் தங்கள் நிலமும் ஏரியும் போகிறது என்று போராடுகிற ஊர், எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. அதன் விலை அவர்களுக்குத் தெரியும். ஏசி அறையில் தூங்கியவர் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. யாரையும் பிடிக்கவில்லையா, 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. போய் அதைக் குத்து.

"என் பெயரே லிஸ்டில் இல்லை" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு, அதில் உண்மையான அநியாயமும் உண்டு. ஆனால் அன்று காலை நம் குரூப்பில் என்ன சுற்றியது? "49ஏ-ன்னு சொல்லி ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு கேளுங்க." சுத்தப் பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. சேலஞ்ச் என்பது வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. நம் ஓட்டை வேறு ஒருவர் போட்டுவிட்டால் கேட்பதுதான் 49பி, சர்கார் படத்தில் வந்ததே அது. சட்டத்தை சினிமாவில் இருந்தாவது சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள், பார்வர்டில் இருந்து வேண்டாம்.

இனி ஆக வேண்டியது.

ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாவது மூன்றாவது இடத்தில் வந்த வேட்பாளர்கள் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத எந்திரங்களின் சிப்பைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிவு வந்து ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதாவது ஜூன் 11. ஒரு எந்திரத் தொகுப்புக்கு 40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மோசடி நிரூபணமானால் பணம் திரும்ப வரும். நாம் அந்த இடங்களில் வந்த தொகுதிகளில் யாரிடமாவது 17சி-க்கும் எண்ணிக்கைக்கும் பொருந்தாத ஆதாரம் இருந்தால் 9-ம் தேதி மாலைக்குள் மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். செலவைக் கட்சி பார்த்துக்கொள்ளும். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள், ஜூலை 19 வரை நேரம் இருக்கிறது, வழக்கறிஞர் அணி தயாராக இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் வெறும் ஆத்திரம் மட்டும் இருந்தால், தயவுசெய்து அதை இந்தப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.

ஜெயித்த வேட்பாளர்களுக்கு நம் வேட்பாளர்கள் நேரில் போய் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பது தலைமையின் உத்தரவு. நேற்றே சிலர் போய்விட்டார்கள். சால்வை போட்ட படத்துக்குக் கீழே "மானங்கெட்டவன்" என்று கமெண்ட் போட்டவர்களின் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது.

பட்டியலில் சேர ஆண்டுக்கு நான்கு தகுதி நாள் இருக்கிறது, அடுத்தது ஜூலை 1. அன்று 18 வயது நிறைகிற பிள்ளைகள் உங்கள் பூத்தில் யார் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் எழுதுங்கள். படிவம் 6 கையில் கொண்டு போங்கள். வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. நமக்கு விழாத தெருவில் இருந்து தொடங்குங்கள். யாருக்குப் போடுவாய் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்க வேண்டாம்.